முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சாலைகளில் காவடிகளும் காவித் துண்டுகளும் தெரியத் தொடங்கிவிடும். குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டு நத்தம், திண்டுக்கல் பக்கமாகப் பழனிக்கு நடந்தே போகிறவர்கள். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஓர் எட்டுக்கு முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு லட்சம் எட்டு. அதாவது ஒவ்வொரு காலும் ஒரு லட்சம் முறை தரையில் விழுந்து எழ வேண்டும், அதுவும் பலருக்கு வெறுங்காலோடு. நான் காரைக்குடியில் பிசியோதெரபி பார்க்கிறவன். வருடா வருடம் வழியிலிருக்கும் ஓர் அன்னதானப் பந்தலில் இரண்டு மூன்று நாள், சாயங்கால நேரத்தில் உட்கார்ந்து, நடந்து வருகிறவர்களின் கால்களைப் பார்ப்பது என் வழக்கம்.

அங்கே என் காதில் அதிகம் விழும் சொல் 'நரம்பு'. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் "நரம்பு சுண்டி இழுக்குது தம்பி" என்பார். குதிகாலை ஊன்ற முடியாமல் நொண்டி வருகிறவர் "நரம்பு பிரண்டுருச்சு" என்பார். காலில் நீலமாகப் புடைத்திருப்பதைக் காட்டி ஓர் ஆச்சி, "இந்த நரம்பப் பாருங்க, எப்படிச் சுருட்டிக்கிட்டு நிக்குது" என்றார். மூவரும் ஒரே சொல்லைச் சொன்னாலும் சொன்னது மூன்று வேறு உறுப்புகளை. முதலாமவருக்குப் பிடித்திருந்தது தசை. இரண்டாமவருக்கு வலித்தது உள்ளங்காலில் இருக்கும் ஒரு நார்ப்பட்டை. ஆச்சி காட்டியது ரத்தக்குழாய். நரம்பு இதில் எங்குமே இல்லை.

வலிக்கிற இடத்தின் பெயர் தெரியாமல் போனால் வைத்தியம் திசை மாறிப் போய்விடுகிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் முழங்காலுக்குக் கீழே என்னென்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று முதலிலிருந்து சொல்லிவிடலாம் என்று தோன்றியது. படம் எதுவும் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து ஒரு காலை மடக்கி, விரலால் தொட்டுக்கொண்டே படித்தால் போதும். உடம்பில் இவ்வளவு தெளிவாகத் தொட்டுப் பார்த்துப் படிக்கக்கூடிய இடம் வேறு இல்லை என்றே சொல்வேன்.

இரண்டு எலும்புகள்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி கணைக்கால். முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு தட்டுப்படும். அங்கிருந்து விரலை அப்படியே கீழே இறக்குங்கள். கத்தி முதுகுபோல ஒரு விளிம்பும், அதற்கு உட்பக்கம் வழவழப்பான ஒரு தட்டைப் பரப்பும் கணுக்கால் வரை தொடர்ந்து வரும். இதுதான் டிபியா. பள்ளிப் புத்தகங்களில் கணைக்கால் உள்ளெலும்பு என்று போட்டிருப்பார்கள். செட்டிநாட்டு வீட்டு வளவில் கூரையைத் தாங்கி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண் மாதிரி, மேலிருந்து வரும் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது இதுதான்.

அந்த உட்பரப்பின்மேல் சதையே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? தோல், அதற்குக் கீழே உடனே எலும்பு. எலும்பைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் வலியை உணரும் நரம்பிழைகள் நிறைய உண்டு. இருட்டில் கட்டில் சட்டத்திலோ உயரமான வாசற்படியிலோ இடித்துக்கொண்டால் உயிர் போய் வருவது இதனால்தான். இதே இடத்தில் புண் வந்தால் ஆற நாளாவதற்கும் காரணம் இதுதான். சதை குறைந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு.

இப்போது முழங்காலின் வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே தடவினால் உருண்டையாக ஒரு முனை தட்டுப்படும். அது ஃபிபுலாவின் தலை. கணைக்கால் வெளியெலும்பு. குச்சிபோல மெலிந்த எலும்பு. தலைக்குக் கீழே சதைக்குள் மறைந்துவிடும், கணுக்கால் நெருங்கும்போதுதான் மறுபடி கைக்கு அகப்படும். எடை தாங்குவதில் இதன் பங்கு சிறிது. தசைகள் பற்றிக்கொள்ள இடம் கொடுப்பதும், கணுக்காலுக்கு வெளிப்பக்கச் சுவராக நிற்பதும்தான் இதன் முக்கிய வேலை. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு வலுவான சவ்வு விரிந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

கொலுசுக்குக் கீழே

கணுக்காலில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு முட்டிகள் இருக்கின்றன. இவை தனி எலும்புகள் என்று பலர் நினைக்கிறார்கள். உள் முட்டி டிபியாவின் கீழ்முனை, வெளி முட்டி ஃபிபுலாவின் கீழ்முனை. கட்டைவிரலை ஒன்றிலும் ஆள்காட்டி விரலை மற்றொன்றிலும் வைத்துப் பாருங்கள். வெளி முட்டி இன்னும் கீழே இறங்கியும், சற்றுப் பின்னால் தள்ளியும் இருக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சுளுக்கின் கதையே இதில்தான் இருக்கிறது.

இந்த இரண்டு முட்டிகளுக்கும் நடுவில், தச்சர் மரத்தில் காடி வெட்டிக் கட்டையைச் செருகியதுபோல, டேலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. அதிசயமான எலும்பு. உடம்பின் மொத்த எடையும் பாதத்துக்குள் இறங்குவது இதன் வழியாகத்தான். ஆனால் ஒரு தசைகூட இதைப் பிடித்திருக்கவில்லை. மேலும் கீழும் சுற்றிலும் இருக்கும் எலும்புகளும் ஜவ்வுகளும்தான் இதை நிறுத்தி வைத்திருக்கின்றன. இதன் மேற்பரப்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் குறுகலாகவும் இருக்கும். குத்துக்காலிட்டு உட்காரும்போது அகலமான பகுதி காடிக்குள் வந்து இறுகிக்கொள்கிறது, அப்போது கணுக்கால் உறுதியாக நிற்கும். நுனிக்காலில் நிற்கும்போதும் படியிறங்கும்போதும் குறுகலான பகுதி காடிக்குள் வருகிறது, பிடிமானம் தளர்ந்துவிடுகிறது. படி ஏறும்போது கால் பிசகியவர்களைவிட இறங்கும்போது பிசகியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என் அப்பத்தாவுக்கும் அப்படித்தான் ஆனது. எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் தெருவிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியவை. முகப்பிலிருந்து இறங்கக் கற்படிகள் இருக்கும். கையில் தூக்குவாளியோடு இறங்கியவருக்குக் கடைசிப் படியில் பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன். "சுளுக்குத்தான், நீவிவிட்டாச் சரியாப் போகும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சுளுக்கு என்றால் என்ன? எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நார்க்கட்டை ஊரில் ஜவ்வு என்கிறோம், மருத்துவமனையில் லிகமென்ட் என்பார்கள். அது அளவுக்கு மீறி இழுபட்டோ கிழிந்தோ போவதுதான் சுளுக்கு. கணுக்காலின் உட்பக்கம் விசிறிபோல விரிந்த ஒரு தடித்த ஜவ்வு இருக்கிறது, எளிதில் கிழியாது. வெளிப்பக்கம் மூன்று மெல்லிய ஜவ்வுகள், தனித்தனியாக. வெளி முட்டி நீளமாகக் கீழே இறங்கியிருப்பதால் பாதம் வெளிப்பக்கமாகச் சாய முடியாமல் இடித்துக்கொள்ளும். உட்பக்கமாகச் சாயத் தடை குறைவு. ஆகவே பிசகினால் பெரும்பாலும் பாதம் உள்ளேதான் மடங்குகிறது, இழுபடுவது வெளிப்பக்க ஜவ்வு. அந்த மூன்றிலும் முன்னால் இருப்பது, அதாவது ஃபிபுலாவிலிருந்து டேலஸுக்குப் போவது, அடிக்கடி கிழிவது. வெளி முட்டிக்குச் சற்று முன்னால், கீழே, கோழிமுட்டை அளவுக்கு வீங்குமே, அந்த இடம்தான்.

அப்பத்தாவுக்கோ வலி அங்கே இல்லை. இன்னும் கீழே, பாதத்தின் வெளி விளிம்பில் பாதி தூரத்தில் இருந்தது. உங்கள் காலிலும் அந்த விளிம்பைத் தடவினால் நடுவில் ஒரு எலும்பு முனை துருத்திக்கொண்டு நிற்கும். சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடிமுனை அது. கணைக்காலின் வெளிப்பக்கத்திலிருந்து வரும் ஒரு தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார்க்கயிறு, அங்கே வந்து சேர்கிறது. பாதம் திடீரென்று மடங்கும்போது அந்த இழுப்பில் எலும்பின் ஒரு துண்டே பெயர்ந்து வந்துவிடுவதுண்டு. எக்ஸ்ரேயில் அதுதான் தெரிந்தது. அதற்குள் இரண்டு நாள் எண்ணெய் போட்டு அழுத்தி நீவியாகிவிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எது சுளுக்கு, எது முறிவு என்று பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்டது. அடிபட்ட உடனேயும், மருத்துவரிடம் வந்த பிறகும், நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இரண்டு முட்டிகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலும் எடுக்க வேண்டும். அப்பத்தாவுக்கு வலித்த அந்த வெளிவிளிம்பு முனையும், அதற்கு நேரெதிரே பாதத்தின் உள்விளிம்பில் இருக்கும் மேடும் அதே கணக்கில் சேரும். நான்கு எட்டை நொண்டியபடி வைத்தாலும் வைக்க முடிந்ததாகவே கணக்கு. ஆனால் அதுகூட முடியாத காலை யாரும் நீவக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலைத் தலையணைமேல் உயர்த்தி, மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இருபத்தாறு எலும்புகள்

பாதம் ஒன்றுக்கு 26 எலும்புகள். இரண்டு பாதத்துக்கு 52. உடம்பில் மொத்தம் 206 என்றால், கால்பங்கு எலும்புகள் கணுக்காலுக்குக் கீழே கிடக்கின்றன. பின்பாதத்திலும் நடுப்பாதத்திலும் கூழாங்கற்களை நெருக்கி அடுக்கியதுபோல ஏழு. அவற்றில் பெரியது குதிகால் எலும்பு, அதன்மேல் உட்கார்ந்திருப்பதுதான் டேலஸ். முன்னால் ஐந்து நீள எலும்புகள், அப்புறம் விரல்களில் பதினான்கு. பெருவிரலுக்கு மட்டும் இரண்டு, மற்ற விரல்களுக்கு மும்மூன்று.

ஆட்டுக்கால் சூப் குடிக்கும்போது நம்மில் பலருக்கு ஒரு குழப்பம் வரும். ஆட்டின் பின்னங்காலில் முழங்கால் பின்பக்கமாக மடங்குவதுபோலத் தெரிகிறதே என்று. அது முழங்கால் இல்லை, அதன் கணுக்கால். ஆடு காலம் முழுக்க நுனிவிரலில் நிற்கிற பிராணி. குளம்பு அதன் நகம். சூப்பில் கிடைக்கும் அந்த நீண்ட உருளை எலும்பு, நமக்குப் பாதத்தில் தனித்தனியாக இருக்கும் நீள எலும்புகளில் இரண்டு ஒன்றாக ஒட்டி நீண்டது. குதிகாலைத் தரையில் பதித்து நடப்பது நம் வழக்கம், ஆட்டுக்கு அது கிடையாது. எலும்புகளின் வரிசை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இதை ஒருமுறை சாப்பாட்டுத் தட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் அப்புறம் மறக்க மாட்டார்கள்.

ஐந்து நீள எலும்புகளில் மெட்டி போடும் விரலுக்குப் போகும் இரண்டாவது எலும்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் ஐந்திலும் நீளமானது. அதன் அடி, பக்கத்து எலும்புகளுக்கு நடுவே ஆப்பு வைத்ததுபோல இறுகிப் போயிருக்கிறது. மற்றவை கொஞ்சம் அசைந்து கொடுக்கும், இது அசையாது. அசையாதது வளைய வேண்டியிருக்கும். பழக்கமில்லாமல் திடீரென்று நாள்கணக்கில் நடப்பவர்களுக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது எலும்பில் மயிரிழைபோல ஒரு கீறல் விழுவதுண்டு. ராணுவத்தில் அணிவகுத்து நடந்த வீரர்களிடம் கண்டதால் அணிநடை முறிவு என்று பெயர் வந்தது. யாத்திரைக்காரர்களுக்கும் வரும். விழவுமில்லை, இடிக்கவுமில்லை, ஆனால் புறங்காலில் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டால் சுருக்கென்கிறது, நடக்க நடக்கக் கூடுகிறது என்றால் அதைச் சந்தேகிக்க வேண்டும். முதல் வாரங்களில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகலாம். இதற்காகத்தான் யாத்திரைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகச் சொல்கிறேன். எலும்பும் பழக்கத்தால் உறுதிப்படும், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும்.

ஆத்தங்குடித் தரையில் ஈரக்கால்

குளித்துவிட்டு ஈரக்காலோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நடந்து, திரும்பிப் பாருங்கள். கண்ணாடிமேல் வார்த்த கல் என்பதால் அதன் வழவழப்பில் தடம் அச்சடித்ததுபோல விழும். குதிகால் வட்டமாக, விரல்கள் ஐந்து புள்ளிகளாக, இடையில் வெளிவிளிம்பை ஒட்டி ஒரு பட்டையாகத் தெரியும். உட்பக்கம் மட்டும் தரை காய்ந்து கிடக்கும். அந்தக் காய்ந்த இடம்தான் பாதத்தின் வளைவு. பட்டை மிகவும் அகலமாகி உட்பக்கமும் நனைந்திருந்தால் தட்டைப்பாதம். பட்டையே இல்லாமல் குதிகாலும் முன்பாதமும் தனித்தனியே விழுந்திருந்தால் வளைவு கூடுதலான பாதம்.

தட்டைப்பாதம் என்றதும் பயப்பட வேண்டியதில்லை. சிறு குழந்தைகள் எல்லோருக்கும் பாதம் தட்டையாகத்தான் தெரியும், வளைவு வளர வளரத்தான் உருவாகிறது. பெரியவர்களிலும் வலியில்லாத தட்டைப்பாதத்துக்கு வைத்தியம் தேவையில்லை. நாற்பது, ஐம்பது வயதுக்குமேல் ஒரு காலில் மட்டும் புதிதாக வளைவு இறங்குகிறது, உள் முட்டிக்குப் பின்னால் வலியும் வீக்கமும் இருக்கிறது என்றால் மட்டும் காட்ட வேண்டும். வளைவைத் தூக்கிப் பிடித்திருக்கும் ஒரு முக்கியமான தசைநாண் அந்த வழியாகத்தான் போகிறது, அது நைந்து போயிருக்கலாம்.

இந்த வளைவு, நம் வீடுகளில் கல்லால் கட்டிய வளைவைப்போல ஒரே நிலையில் நிற்பதில்லை. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை. தரையில் நேராக நில்லுங்கள். வேறு யாரையாவது குனிந்து உங்கள் பெருவிரலை மட்டும் மெல்ல மேலே தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் எதையும் இறுக்க வேண்டாம். விரல் ஏற ஏற, உள்ளங்கால் வளைவு தானாகவே உயரும். பலருக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன். தன் கால் தன்னைக் கேட்காமல் எழும்புவதைப் பார்த்து ஒவ்வொருவர் முகத்திலும் வரும் வியப்பை நான் ரசிக்காத நாள் இல்லை.

எப்படி நடக்கிறது இது? குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரை, உள்ளங்கால் தோலுக்குக் கீழே ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. வில்லுக்கு நாண் மாதிரி. விரலை மேலே மடக்கும்போது, கிணற்று உருளையில் கயிறு சுற்றிக்கொள்வதுபோல, அந்தப் பட்டை விரலடி எலும்பின் உருண்டைத் தலையைச் சுற்றி இழுபடுகிறது. நாண் குறுகினால் வில் வளைந்துதானே ஆக வேண்டும்? குதிகாலும் விரலடியும் நெருங்கி, வளைவு எழும்புகிறது. ஹிக்ஸ் என்பவர் 1954-இல் இதை விளக்கி எழுதினார்.

ஓர் எட்டுக்குள்

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஓர் எட்டு வைத்துப் பார்ப்போம். என்னைக் கேட்டால் காலைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். பாதம் ஒரே எட்டுக்குள் ஒருமுறை நெகிழ்கிறது, ஒருமுறை இறுகுகிறது.

முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. அங்கே தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகளுக்குள் கொழுப்பை அடைத்து வைத்த ஒரு மெத்தை இருக்கிறது. நசுங்கும், ஆனால் பிதுங்கி ஓடாது. அதே நேரத்தில் கணைக்காலின் முன்பக்கத் தசை, பாதத்தைத் தட்டென்று விழவிடாமல் மெல்ல இறக்கி வைக்கிறது. அப்புறம் பாதம் முழுதும் தரையில் படிகிறது. டேலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே இருக்கும் மூட்டு சற்றுச் சாய, நடுப்பாத எலும்புகள் தளர்ந்து, வளைவு கொஞ்சம் இறங்குகிறது. சரளை, மேடு, பள்ளம் என்று எதன்மேல் வைத்தாலும் பாதம் அதற்கேற்பப் படிந்துகொள்வது இந்த நெகிழ்ச்சியால்தான். அடுத்து உடம்பு முன்னால் நகர்கிறது. கெண்டைக்கால் தசை குதிகாலைத் தூக்குகிறது, விரல்கள் மடங்குகின்றன, அந்த நார்ப்பட்டை இறுகுகிறது, வளைவு எழும்புகிறது. சற்று முன்வரை நெகிழ்ந்து கிடந்த 26 எலும்புகளும் பூட்டிக்கொண்டு ஒரே நெம்புகோலாகி உடம்பை முன்னே தள்ளுகின்றன. இவ்வளவும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில். பழனி போய்ச் சேரும்வரை ஒவ்வொரு பாதமும் இதை லட்சம் முறை செய்கிறது.

காலை எழுந்து முதல் எட்டு வைக்கும்போது குதிகாலில் முள் குத்துவதுபோல வலிக்கிறதே, பலருக்குத் தெரிந்த வலி. அது அந்த நார்ப்பட்டை குதிகாலோடு சேரும் இடத்து வலி. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தாலும் வலிக்குக் காரணம் முள்ளாக இருக்க வேண்டும் என்பதில்லை. முள் இருந்தும் வலியே இல்லாதவர்கள் ஏராளம். படுக்கையைவிட்டு இறங்கும் முன் விரல்களைக் கையால் மேலே மடக்கிப் பத்து எண்ணும் நேரம் பிடித்துவிடுவது, அன்றாடம் கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சி, இரண்டும் நல்ல பலன் தரும். ஆனால் வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பாதியில் விட்டுவிடாதீர்கள்.

இந்த நெகிழ்வையும் இறுக்கத்தையும் மனிதக் கையால் செய்துகாட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்கு 1968-இல் வந்த ஜெய்ப்பூர் செயற்கைக் காலை நினைத்துப் பார்க்கலாம். மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன் கிடைத்த கால்களை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்காரவும், சம்மணம் போடவும், சேற்றில் வெறுங்காலோடு நடக்கவும் முடியாது. நம் ஊர் வாழ்க்கைக்கு அவை எதற்கு உதவும்? ரப்பரை வைத்துப் பாதத்துக்கு அந்த நெகிழ்ச்சியைக் கொடுத்தது அவர்கள் செய்த பெரிய காரியம்.

சதையும் குழாயும் நரம்பும்

கெண்டைக்காலில் வெளியே தெரியும் இரட்டைச் சதைக்குக் காஸ்ட்ரோக்னீமியஸ் என்று பெயர். அது முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பிலேயே தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாகச் சோலியஸ். இரண்டும் சேர்ந்து கீழே உடம்பிலேயே தடித்த தசைநாணாகிக் குதிகாலில் இறங்குகின்றன. கிரேக்கக் கதையில் குதிகாலில் அம்பு பட்டு வீழ்ந்த அக்கிலிஸின் பெயர் அதற்கு. கண்ணனுக்கும் வேடனின் அம்பு பாதத்தில்தான் பட்டது என்று நம் பக்கத்திலும் சொல்வார்கள்.

சோலியஸுக்கு இன்னொரு வேலை உண்டு. ரத்தம் காலுக்கு இறங்குவது எளிது, மேலே ஏற வேண்டுமே! சோலியஸ் சுருங்கும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சிரைகள் பிழியப்பட்டு ரத்தம் மேலேறுகிறது. ஏறியது இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. கண்டாங்கி நெய்கிறவர் மிதியை மாற்றி மாற்றி அழுத்தும்போதும், நாம் நடக்கும்போதும் இந்தப் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். ஜவுளிக்கடையிலும் கல்யாண வீட்டு அடுப்படியிலும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது நின்றுபோகும். வால்வு பழுதானால் ரத்தம் தேங்கிச் சிரை புடைத்துச் சுருளும். ஆச்சி காட்டியது அதைத்தான். நரம்புச் சுருட்டு என்று பேச்சில் சொன்னாலும் அது சிரை. நிற்க வேண்டிய வேலை என்றால் அவ்வப்போது பத்துத் தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.

மூன்றையும் பிரித்தறிவது சுலபம். பெருவிரலை மேலே தூக்கினால் புறங்காலில் கயிறுபோல விறைத்து நிற்பது தசைநாண். நீலமாக, அழுத்தினால் அமுங்கி, காலை உயர்த்தினால் வற்றிப்போவது சிரை. நரம்பு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, தொந்தரவு கொடுத்தால்தான் தெரியும். மரத்துப்போகும், எறும்பு ஊரும், எரியும். முதலில் தொட்டீர்களே ஃபிபுலாவின் தலை, அதற்குக் கீழே தோலை ஒட்டியே ஒரு நரம்பு வளைந்து போகிறது. கால்மேல் கால் போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் புறங்கால் மரத்துப்போவது அது நசுங்குவதால். தவறாகப் போட்ட மாவுக்கட்டு அதை அழுத்திவிட்டால் பாதத்தைத் தூக்கவே முடியாமல் தொங்கிப்போகும்.

உள் முட்டிக்குப் பின்னால் விரல்களை மெல்ல வைத்தால் நாடி துடிக்கும். புறங்காலின் நடுவிலும் ஒன்று உண்டு. அந்த இரண்டு துடிப்பும் கால்நுனி வரை ரத்தம் போகிறது என்பதற்கு அடையாளம். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். அடுத்துப் பார்ப்பது தொடு உணர்ச்சி. உள்ளங்கால் தோல் உடம்பிலேயே தடித்தது. அதில் வியர்வைச் சுரப்பிகள் நிறைய, எண்ணெய்ச் சுரப்பிகளோ ஒன்றுகூட இல்லை. அதனால்தான் காய்ந்து பித்தவெடிப்பு விடுகிறது. சர்க்கரையால் நரம்பு பழுதாகிவிட்டால் வெடிப்பில் சீழ் வைத்தாலும் வலிக்காது, முள் ஏறினாலும் தெரியாது. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்துவிட்டு, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு மறுநாள் வந்தவரைப் பார்த்திருக்கிறேன். கல் சுட்டது அவருக்குத் தெரியவே இல்லை. அப்படிப்பட்டவர்கள் காலையிலோ சாயங்காலமோ கல் ஆறியிருக்கும்போது சுற்றலாம். வெயிலில் போகத்தான் வேண்டுமென்றால் தடிமனான காலுறை போட்டுக்கொள்ள நிர்வாகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ராத்திரி படுக்கப் போகும் முன் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலை அதன்மேல் காட்டி, விரலிடுக்கு வரை பார்த்துவிடுங்கள். கண் சரியாகத் தெரியாத ஆச்சியென்றால் பேரனோ பேத்தியோ பார்த்துச் சொல்லட்டும்.